பேரப்பிள்ளையிடம் பாடம் கேட்கும் பெரியோர்

கும்பகோணத்துக்கு மேற்கே காவிரிக் கரையில் விளங்கும் சுவாமிமலை, இயற்கையாய் எழுந்த குன்று அன்று; கட்டுமலை. தமிழ் ஆண்டுகள் 60-ஐயும் குறிக்கும் 60 படிகளை ஏறினால், மேலே சுவாமிநாதன் சந்நிதி. அவனுடைய தந்தையாகிய சுந்தரேசுவரரும் அன்னை மீனாட்சியும் கீழே, மலையடியில் எழுந்தருளியிருக்கின்றனர். மகன் மேலே, தந்தை கீழே என்னும் இந்த அமைப்புக்குக் காரணமான வரலாறு, ஆறுபடை வீடுகளையும் தரிசித்த அடியார்கள் அறிந்ததே.

பிரணவத்தின் பொருளை உரைக்க இயலாத பிரமனைக் குமரன் சிறையிலிட்டான். பிரமனை விடுவிக்க வந்த சிவபெருமான், அப்பொருள் உனக்குத் தெரியுமோ என்று மைந்தனையே வினவினார். சீடன் கேட்கும் முறையில் கேட்டால் உரைப்பேன் என்றான் குமரன். தந்தை பணிந்து செவி சாய்த்தார், பிள்ளை குருவானான், தகப்பன்சாமி என்னும் பெயரும் பெற்றான்.

எல்லாம் அறிந்த பெருமான் கேட்டது அறியாமையால் அன்று. இத்தல வரலாற்றுக்கு ஞானிகள் கூறும் தத்துவப் பொருள் ஆழமானது. அதன் அருகிலேயே இல்லறத்தார்க்கு உரிய எளிய பொருள் ஒன்றும் உண்டு. பெரியவர் ஒருவர் செவி சாய்த்துக் கேட்கும்போது, சொல்லும் பிள்ளை வளர்கிறது என்பதே அது. வீட்டுக் கூடத்தில் கைப்பேசியின் முன் அமர்ந்து பாடம் கேட்கும் இக்காலத்துச் சிறு குழந்தைகளுக்கு, இந்த எளிய பொருள் பெரிதும் பயன்படுகிறது.

பூட்டிய பள்ளிகள்

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேரவேண்டிய குழந்தைகள் வகுப்பறையைக் காணாமலே முதல் வகுப்பைக் கடந்தனர். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்று. அன்று முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்த பல குழந்தைகள் ஏற்கெனவே இரண்டாம் வகுப்பில் இருந்தனர். அகரம் எழுதிப் பழகவேண்டிய ஆண்டு, அவர்களுக்குத் திரையின் முன்னரே கழிந்தது. திரையும் இல்லாத வீடுகளில் வெறுமையாகக் கழிந்தது.

அரசு வாளாவிருந்துவிடவில்லை. 2019 ஆகஸ்டு 26-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. பாடநூல்களில் அச்சிடப்பட்ட விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியால் வருடினால் பாடக் காணொளிகள் தோன்றும் வசதியும் முன்னரே இருந்தது. அவ்வசதியைத் தரும் தளத்துக்குத் 'தீக்‌ஷா' என்று பெயர். குருவிடம் பெறும் தீட்சையை நினைவூட்டும் பெயர். 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் குழந்தைகளின் குடியிருப்புக்கே வந்து கற்பித்தனர்.

ஆயினும் வீட்டுக்குள் நிகழ்ந்த கல்விக்கு வீட்டில் இருந்தவரே பொறுப்பாயினர். தந்தை வேலைக்குச் சென்றால் கைப்பேசியும் உடன் சென்றது. இரவு அவர் திரும்பிய பின்னரே காலையில் வந்த பாடம் குழந்தையின் கைக்கு எட்டியது. களைத்துப்போன தாய் கண்டித்தாள். உறக்கம் மேலிட்ட குழந்தை அழுதது. அருகில் இருந்த பாட்டிக்கோ, தன்னால் உதவ இயலவில்லையே என்னும் வருத்தம். இவ்வாறு கழிந்த இரவுகளைப் பல இல்லங்கள் இன்னும் மறக்கவில்லை.

தொற்று விலகியது, பழக்கம் முற்றும் விலகவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. மழைக்காக விடுமுறை அறிவிக்கப்படும் நாள்களில் சில பள்ளிகள் இணையவழியே வகுப்பு நடத்துகின்றன. கணக்கும் ஆங்கிலமும் செயலியில் பயிலுமாறு சில ஆசிரியர்கள் பணிக்கின்றனர். பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்களில், அந்நேரத்தில் குழந்தையின் அருகே இருப்பவர் தாத்தாவோ பாட்டியோதான்.

தெரியாது என்பது குறையன்று

முதியவர்கள் பலரை வாட்டுவது ஒரு கூச்சம். பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கருவியோ விரல் பட்டால் எங்கோ தாவுகிறது. ஏதோ கேட்கப் போனால், உனக்கு ஒன்றும் தெரியாது பாட்டி என்று பேரன் சொல்லிவிடுகிறான். அச்சொல் தைக்கிறது. அதன்பின் பாட்டி அடுக்களைக்குள் ஒதுங்கிவிடுகிறாள். குழந்தையும் திரையும் மட்டும் கூடத்தில் எஞ்சுகின்றன. வகுப்பு நடக்கிறதா, விளையாட்டு நடக்கிறதா என்று பார்ப்பார் இல்லை.

இங்கேதான் சுவாமிமலையின் பாடம் கைகொடுக்கிறது. "ஆமாம் கண்ணா, எனக்குத் தெரியாது. நீ படித்ததை எனக்குச் சொல்லித் தாயேன்" என்று பாட்டி கேட்டுவிட்டால், அதே சொல் குறையாக நில்லாமல் வாய்ப்பாக மாறிவிடுகிறது. குழந்தை நிமிர்ந்து உட்காரும். தான் புரிந்துகொண்டதைச் சொல்லும். புரியாத இடம் வரும்போது தானே தடுமாறும். அத்தடுமாற்றமே எந்த இடத்தை மீண்டும் படிக்கவேண்டும் என்பதைக் காட்டிக் கொடுக்கும். பாட்டிக்கு விடை தெரிந்திருக்கவேண்டிய தேவையே இல்லை. பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

இது புதிய உத்தி அன்று. பழைய திண்ணைப் பள்ளிகளில் முன்னேறிய மாணவனைச் சட்டாம்பிள்ளையாக நியமித்து, இளைய மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்வது வழக்கம். பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்சுவடியும் இவ்வாறு வாய்வழியே ஓதி ஓதி மனத்தில் பதிந்தன. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்தார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தார். 1797-இல் இலண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவியது. பிறருக்குச் சொல்லும் பிள்ளை தானும் கற்கும் என்பதை இந்நாட்டுத் திண்ணைகள் அந்நாளிலேயே அறிந்திருந்தன.

இடமும் நேரமும்

வழிபாட்டுக்கு ஒரு மூலையும் ஒரு வேளையும் வகுத்துக்கொள்வது போலவே, வீட்டுப் படிப்புக்கும் ஓர் இடமும் நேரமும் வகுத்தல் நலம். படுக்கையில் சாய்ந்தபடி பாடம் கேட்கும் குழந்தைக்கு உறக்கமே வரும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுமாறு, தொலைக்காட்சியின் ஒலி எட்டாத ஒரு மூலை போதும். தரையில் அமர்வதாயின் கைப்பேசியைக் கையில் பிடிக்கவிடாமல், மணைமீது சில புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கண்மட்டத்தில் சாய்த்து வைக்கலாம். கழுத்து குனியாது, கைகளும் எழுதுவதற்கு ஒழிவாகும். காதில் பொருத்தும் கருவி தேவையானால் ஒலியைக் குறைத்தே வைக்கவேண்டும்.

வகுப்பு தொடங்குவதற்குக் கால் மணி முன்பே குழந்தை முகம் கழுவி, சிற்றுண்டி உண்டு, நோட்டும் எழுதுகோலும் எடுத்துவைத்து அமர்வது நன்று. கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்திருக்கிறதா என்று முதல்நாள் இரவே பார்த்துக்கொள்ளலாம். இவை சிறியவை, ஆனால் வகுப்பு தொடங்கிய பின் எழும் பதற்றத்தில் பாதியைக் குறைப்பவை இவையே.

திரை நேரத்துக்கு அளவு வேண்டும். 2020 ஜூலையில் மத்தியக் கல்வித் துறை வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல், 1 முதல் 8 வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட 2 அமர்வுகளுக்கு மேல் நேரடி இணைய வகுப்பு வேண்டாம் என்று கூறியது. தொற்றுக்காலத்தில் சொல்லப்பட்டதாயினும், எந்தக் காலத்துக்கும் பொருந்தும் எச்சரிக்கை இது. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள ஒரு பொருளை 20 நொடி நோக்கச் செய்வது கண்ணின் களைப்பைக் குறைக்கும். எதிர்வீட்டு மாடியில் ஆடும் தென்னங்கீற்றைக் காட்டினாலும் போதும். குழந்தை கண்ணை இடுக்கிப் பார்த்தாலோ அடிக்கடி தலைவலி என்று சொன்னாலோ, திருநீறு இட்டு வேண்டிக்கொள்வதோடு நின்றுவிடாமல் கண் மருத்துவரிடமும் காட்டவேண்டும்.

அருகிருந்தும் தலையிடாமை

சிவாலயத்தின் தென்புறக் கோஷ்டத்தில் வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தி மௌனத்தாலே உபதேசிக்கிறார். வகுப்பு நடக்கும் வேளையில் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்த மௌனம் வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்டதும் பின்னாலிருந்து விடையை முணுமுணுப்பது அன்பினால் செய்யும் செயலே. எனினும் அவ்விடை குழந்தையுடையது ஆகாது. குழந்தைக்குத் தெரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் அவர் மீண்டும் விளக்குவார்.

மற்றொன்றும் மனத்தில் கொள்ளத் தக்கது. இணைய வகுப்பில் ஒலிவாங்கி திறந்திருந்தால் வீட்டில் பேசுவதெல்லாம் வகுப்பு முழுவதும் கேட்கும். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார், எவ்வளவு நன்றாகச் சொல்கிறான்" என்று கடிந்துகொண்டால், அக்கடிந்த சொல்லை நாற்பது குழந்தைகளும் கேட்டுவிடும். பிஞ்சு மனத்துக்கு அவ்வெட்கம் பல நாள் ஆறாது. கண்டிக்கவேண்டியது ஏதேனும் இருப்பின், வகுப்பு முடிந்து, பால் அருந்திய பின்னர், தனியே சொல்லலாம். அதற்குள் கோபமும் பெரும்பாலும் தணிந்திருக்கும்.

திரைக்கு வெளியே

தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு இன்றியமையாதவை மூன்று: பிழையின்றி வாசித்தல், கையால் எழுதுதல், எண்ணறிவு. இம்மூன்றும் திரையை மட்டும் பார்த்திருந்தால் வாய்ப்பதில்லை. பள்ளிகள் திறந்த பின்னர் 2022 ஜூனில் தமிழக அரசு 1 முதல் 3 வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்னும் தனித் திட்டத்தைத் தொடங்கியதும் இவ்வடிப்படையை மீட்கவே. இங்கு முதியவர்களின் கை ஓங்கி நிற்கிறது. ஏனெனில் அவர்களிடம் நேரமும் கதையும் உண்டு.

நாள்தோறும் விளக்கேற்றிய பின் 10 நிமிடம் குழந்தையை வாய்விட்டு வாசிக்கச் செய்யலாம். பாடநூலே வேண்டும் என்பதில்லை. கோவிலின் பெயர்ப்பலகை, திருவிழா அழைப்பிதழ், இதழில் வரும் சிறு கதை, எதுவாயினும் ஆகும். கண் மங்கிய தாத்தா, "எனக்குக் கண் தெரியவில்லை, இன்றைக்கு என்ன திதி, படித்துச் சொல்" என்று நாள்காட்டித் தாளைக் கொடுத்தால், குழந்தை அதைப் பாடமாக எண்ணாது. தாத்தாவுக்குச் செய்யும் உதவியாகவே கருதும். அந்த ஒரு தாளில் எழுத்தும் உண்டு, எண்ணும் உண்டு. திங்கட்கிழமை இராகு காலம் 7.30 முதல் 9 வரை என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டால், மணிக்கணக்கு கைவரும். 90 என்னும் விடையை அக்குழந்தை மறக்கவும் செய்யாது.

பல்லாங்குழியின் 14 குழிகளில் குழிக்கு 5 சோழி வீதம் இட்டால் மொத்தம் 70. இது வாய்பாடு, விளையாட்டும்கூட. பிரசாதத் தொன்னைகள் 24, வரிசைக்கு 6 பேர் என்றால் எத்தனை வரிசைக்குப் போதும்? புள்ளிக் கோலத்தில் வரிசைக்கு இரண்டு புள்ளி குறைந்தால் அடுத்த வரிசையில் எத்தனை? பிரகாரம் வலம் வரும்போது கோபுரக் கலசங்களையும் தூண்களையும் எண்ணச் செய்வதும் பாடமே. இணைய வகுப்பில் சொல்லப்பட்ட கூட்டலும் வகுத்தலும் இவ்வாறு கையிலும் கண்ணிலும் பட்டால்தான் மனத்தில் நிலைக்கும்.

சாவி யாரிடம்?

குழந்தை பாடம் கேட்கும் கைப்பேசியிலேயே பல இல்லங்களில் தாத்தாவின் ஓய்வூதியக் கணக்கும் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பிள்ளை கையில் கொடுப்பார் இல்லை. பணம் செலுத்தும் செயலியின் கடவு எண்ணும் அத்தகையதே. குழந்தை அறியும்படி அதைச் சொல்லாதிருக்க வேண்டும். ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பள்ளியிலிருந்து பேசுவதாக யார் கேட்டாலும் கூறலாகாது. பணம் பறிபோனது தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் முறையிடவேண்டும்.

அறியாதவர் எவரேனும் குழந்தையிடம் திரை வழியே பேசினாலோ, புகைப்படம் கேட்டாலோ, உடனே பெரியவர்களிடம் சொல்லுமாறு குழந்தைக்கு அன்போடு உணர்த்திவைக்கலாம். சொன்னால் திட்டு விழும் என்று அஞ்சும் குழந்தை சொல்லாமல் மறைத்துவிடும். ஆதலால் அச்சுறுத்தலைவிட நம்பிக்கையே இங்குக் காவல். குழந்தைகளுக்கு இடர் நேரும்போது உதவும் எண் 1098. நாள்காட்டியின் ஓரத்தில் இவ்விரு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிவைப்பது நல்லது.

பெற்றோருக்குத் துணையாக

வீட்டுப் படிப்பில் பெரிதும் தளர்பவர்கள் பெற்றோரே. அலுவலகப் பணியையும் வீட்டுப் பணியையும் முடித்து, பத்து மணிக்குமேல் பள்ளிக் குழுவில் வந்த செய்திகளைத் தேடிப் படிக்கும் மருமகளிடம், "நாங்கள் எல்லாம் கைப்பேசி வைத்துக்கொண்டா படித்தோம்?" என்று கேட்பதால் ஒரு பயனும் விளைவதில்லை. குழந்தையின் எதிரில் தாயின் சொல்லைத் தாத்தா மறுத்துப் பேசினால், குழந்தை கற்பது ஒன்றே: யாரிடம் கேட்டால் தப்பலாம் என்பது. கருத்து வேறுபாடு இருப்பின் குழந்தை உறங்கிய பின்னர் பேசிக்கொள்ளலாம்.

அதனினும் நல்லது, பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வது. பகலில் வகுப்பு நேரத்தில் உடனிருப்பதும் மாலையில் வாசிக்கக் கேட்பதும் பெரியவர்களுடையவை. கருவியைச் சீர்செய்வதும் ஆசிரியரிடம் பேசுவதும் பெற்றோருடையவை. பகலில் கண்டதைப் பாட்டி மாலையில் இரண்டு வரியில் தாயிடம் சொன்னால், இரவில் தொடக்கத்திலிருந்து விசாரிக்கும் தொல்லை குறையும். "கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் தடுமாறுகிறான், மற்றதெல்லாம் நன்றாகச் செய்தான்" என்பது போன்ற இரண்டு வரி. குறையோடு நிறையையும் சேர்த்துச் சொல்வது அவசியம். பகல் முழுதும் குழந்தையைக் காணாத தாய்க்கு, அந்த நிறையைக் கேட்பதே பெரிய ஆறுதல்.

சில வாரங்கள் முயன்றும் குழந்தை எழுத்தைக் கூட்டி வாசிக்க இயலாமலோ, வகுப்பு என்றாலே அழுதுகொண்டோ இருந்தால், அதைச் சோம்பல் என்று முடிவுகட்டிவிடலாகாது. செவியிலோ கண்ணிலோ கற்கும் முறையிலோ ஏதேனும் இடர்ப்பாடு இருக்கலாம். ஆசிரியரை நேரில் கண்டு பேசுவதும், தேவையானால் மருத்துவ ஆலோசனை பெறுவதும் காலத்தில் செய்யவேண்டிய கடமைகள். குழந்தையின் அருகிலேயே இருக்கும் பெரியவரின் கண்ணுக்குத்தான் இது முதலில் புலப்படும்.

திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தின் அருகிலுள்ள கூத்தனூரில் கலைமகள் தனிக்கோவில் கொண்டிருக்கிறாள். விஜயதசமியன்று அங்கே குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கப் பெற்றோர் திரள்கின்றனர். தேர்வுக் காலத்தில் மாணவர்கள் நோட்டும் எழுதுகோலும் வைத்து வணங்குகின்றனர். தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதும்போது, குழந்தையின் விரலைப் பெரியவர் ஒருவர் பற்றிக்கொள்வது மரபு. அந்த ஒரு நாளோடு முடிந்துவிடும் சடங்கன்று அது. பாடம் ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து திரைக்கும் மாறிவிட்டாலும், பற்றிய கை விலகாதிருக்கவேண்டும்.

இன்று மாலை விளக்கேற்றியதும், பெரியவர்கள் பேரப்பிள்ளையை அருகில் அழைத்து, இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லித் தா என்று கேட்கலாம். அவன் சொல்லும் வரை காத்திருக்கலாம். கலைமகள் அருள் அவ்வில்லத்தில் நிறைக.